பலகையில் எழுதாதது

பனமலை ஏரிக்குப் பக்கத்து ஊரில், ஓர் அரசுப் பள்ளியில் பதினெட்டு ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் சத்துணவுக் கூடத்தை ஒட்டிய சுவரில் ஒரு பலகை இருந்தது. நீல நிறம், வெள்ளை எழுத்து, ஒரு பெரிய நிறுவனத்தின் சின்னம், அதன் கீழே மாணவர் நலனுக்காக என்று ஒரு வரி. பலகைக்குக் கீழே குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மிஷின்.

திறப்பு நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாமியானா போட்டார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவர் கையிலும் ஒரு டம்ளர் கொடுத்து, அவர்கள் குடிப்பதைப் படம் எடுத்தார்கள். அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். எங்கள் போர் தண்ணீர் உப்பு. கோடையில் அதைக் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்த்துச் சலித்திருந்தேன்.

மிஷின் எட்டு மாதம் ஓடியது. பிறகு உள்ளே இருந்த மெம்பரேன் அடைத்துக்கொண்டது. உப்புத் தண்ணீருக்கு அது சீக்கிரமே அடைத்துக்கொள்ளும் என்று பழுது பார்க்க வந்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கொடுத்த நிறுவனத்தைக் கூப்பிட்டேன். அந்தத் திட்டம் முடிந்துவிட்டது, பொறுப்பில் இருந்தவரும் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார் என்றார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசினோம். இருந்த பணம் அந்த ஆண்டு கூரை ஒழுகலுக்கே போய்விட்டது. பிள்ளைகள் மறுபடியும் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவரத் தொடங்கினார்கள்.

ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்தச் சுவரைக் காட்டிக் கேட்டாள்: "தண்ணி வர்றதில்ல. அப்புறம் எதுக்கு டீச்சர் பேரு மட்டும் இருக்குது?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நிறுவனங்கள் செய்கிற தர்மம் மெய்யா, தங்களுக்கான விளம்பரமா என்ற கேள்வியை மேடைகளில் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணின் கேள்வி அதைவிடக் கூர்மையாக இருந்தது. அன்றிலிருந்து அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

முதலில் எனக்கு வந்தது கோபம். எல்லாம் வேஷம், பெயருக்காகச் செய்வது தர்மமே ஆகாது என்று தோன்றியது. ஆனால் அந்தத் தீர்ப்பில் என்னால் நிலையாக நிற்க முடியவில்லை. பள்ளிக்கூடத்து வாசலில் நின்றால் பனமலைக் குன்று தெரியும். அதன் மேல் தாளகிரீசுவரர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ அரசன் இராஜசிம்மன் எடுப்பித்தது. அவனைப் போலத் தன் பெயரைக் கல்லில் எழுதிவைத்தவர்கள் குறைவு. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் அவனுடைய பட்டப்பெயர்கள் மட்டும் இருநூறுக்கு மேல் செதுக்கப்பட்டிருக்கின்றன. பனமலையிலும் அவன் புகழ் பாடும் கல்வெட்டு உண்டு. பெயர் போட்டதால் கொடை பொய்யாகிவிடும் என்றால், நான் தினமும் கையெடுத்துக் கும்பிடுகிற அந்தக் குன்றையே தள்ளிவைக்க வேண்டும். வள்ளுவர்கூட ஈகை அதிகாரத்துக்கு அடுத்த அதிகாரமாகப் புகழைத்தான் வைத்திருக்கிறார். கொடுப்பவருக்குப் புகழ் சேர்வதை நம் மரபு ஒருபோதும் அசிங்கமாகப் பார்த்ததில்லை.

ஆனால் அதே கோயிலின் சிற்றாலயம் ஒன்றில், சுவரில் ஒரு தேவியின் ஓவியம் இருக்கிறது. தலைக்கு மேல் குடை, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் பார்வதி. பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் அடையாளம் கண்டு உலகுக்குச் சொன்ன பல்லவ ஓவியங்களில் ஒன்று. ஆயிரத்து முந்நூறு ஆண்டு வெயிலும் ஈரமும் புகையும் தின்ற பிறகும் அந்த முகத்தில் மீந்திருக்கிற அழகு என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடும். அதை வரைந்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகும்போது, அரசன் பெயரைச் சொல்லிவிட்டு இதையும் சொல்லாமல் நான் இறங்குவதில்லை.

என் கோபத்துக்கு ஒரு வழி காட்டியது பனமலை கூட அல்ல, பக்கத்திலிருக்கும் எண்ணாயிரம் என்ற ஊர். அங்கே முதலாம் இராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டு. ஒரு கல்விக்கூடத்துக்குக் கொடுத்த கொடையைப் பற்றியது. பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துவிடுகிற அந்தக் கல்வெட்டின் விவரங்களை ஒரு கோடை விடுமுறையில் உட்கார்ந்து படித்தேன். மாணவர் 340 பேர். அவர்களில் 270 பேர் இளைய மாணவர், 70 பேர் மூத்த மாணவர். ஆசிரியர் 14 பேர். இளைய மாணவருக்கு நாள் ஒன்றுக்கு ஆறு நாழி நெல். ஆசிரியர்களுக்கு இன்ன பாடம் நடத்துபவருக்கு இவ்வளவு என்று தனித்தனியாக அளவு. இதற்கெல்லாம் வருமானம் வர 45 வேலி நிலம்.

அந்தக் கூடத்தில் வேதம், சமஸ்கிருத இலக்கணம் போன்றவைதான் நடந்தன. இன்று என் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளின் முன்னோர் யாருக்கும் அங்கே இடம் கிடைத்திருக்காது. அந்த வலியோடுதான் அதைப் படித்தேன். ஆனாலும் அதை எழுதிவைத்த முறையில் நான் கற்றுக்கொள்ள ஒன்று இருந்தது. அந்தக் காலத்துச் சோழர் கல்வெட்டுகள் பெரும்பாலும் அரசனின் மெய்க்கீர்த்தியோடு தொடங்கும். எந்த நாட்டை வென்றான், யாரைத் தோற்கடித்தான் என்று நீளமாகப் போகும். இன்றைய விளம்பரம் எதுவும் அதன் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் பெருமை பேசி முடித்த அதே கல், அடுத்த மூச்சிலேயே கணக்குக்கு வந்துவிடுகிறது. எவ்வளவு, யாருக்கு, எந்த நிலத்திலிருந்து, எவ்வளவு காலம், யார் பொறுப்பு. ஒரு நந்தாவிளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு கொடுத்தால்கூட, ஆடுகளை வாங்கிக்கொண்டவர் நாளுக்கு எத்தனை அளவு நெய் அளக்க வேண்டும் என்பது கல்லில் ஏறிவிடும். நெய் வரவில்லை என்றால் ஊரில் எழுத்தறிந்த எவரும் கல்லைக் காட்டிக் கேட்கலாம். பெயரைக் கல்லில் வெட்டிய கையே அந்தப் பெயருக்குரியவர்களைக் கட்டியும் போட்டது.

எங்கள் பள்ளிச் சுவரில் இருந்த பலகையில் மெய்க்கீர்த்தி இருந்தது. கணக்கு இல்லை. அந்தப் பெண்ணுக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

இந்தக் கேள்வி பலகையோடு முடிவதில்லை. வியாபாரத்தையும் தர்மத்தையும் ஒரே பொட்டலத்தில் கட்டி விற்கிற பழக்கத்துக்குப் பலரும் சொல்லும் தொடக்கம் 1983. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் சுதந்திர தேவி சிலையைச் செப்பனிட ஒரு திட்டம் போட்டது. வாடிக்கையாளர் அதன் அட்டையை ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் ஒரு சென்ட், புதிதாக ஓர் அட்டை வாங்கினால் ஒரு டாலர் சிலைக்குப் போகும். 17 லட்சம் டாலர் சேர்ந்தது. அட்டையின் பயன்பாடும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. இரண்டு பக்கமும் லாபம் என்று அன்றிலிருந்து உலகம் முழுக்க இந்த முறை பரவியது. நம் வீட்டு அலமாரி வரைக்கும் வந்துவிட்டது.

என் வகுப்புக்கும் வந்தது. ஐ.டி.சி. நிறுவனத்தின் கிளாஸ்மேட் நோட்டுகளில், நான்கு நோட்டு வாங்கினால் ஒரு ரூபாய் சமூகப் பணிக்குப் போகும் என்று போட்டிருந்தார்கள். ஒரு நாள் அதைப் படித்த பையன் எழுந்து நின்று கேட்டான்: "டீச்சர், அப்போ ஒரு நோட்டுக்கு இருவத்தஞ்சு பைசாதானே? அது நாம குடுத்ததா, அவங்க குடுத்ததா?" வகுத்தல் பாடத்தை நான் அதற்குமேல் நடத்தவில்லை. அந்தப் பீரியட் முழுக்க அதைத்தான் பேசினோம். அவர்கள் நோட்டு விற்ற பணம்தானே, அதனால் அவர்கள் கொடுத்தது என்று பாதி வகுப்பு. நாம் வாங்காவிட்டால் அந்த ஒரு ரூபாய் இல்லையே, அதனால் நாம் கொடுத்தது என்று மீதிப் பாதி. கொடை இருவருடையதும் என்பதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. நான்குக்கு ஒன்று என்று அளவைச் சொல்லிவிட்டதால்தான் அந்தப் பையனால் கேள்வி கேட்க முடிந்தது. வருமானத்தில் ஒரு பகுதி என்று மட்டும் அச்சடித்துவிட்டு அந்தப் பகுதி எவ்வளவு என்று சொல்லாத பொட்டலங்களும் கடையில் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையும் கணக்குப் போட முடியாது. நான் அவற்றை வாங்குவதில்லை.

விளம்பரம் எல்லாமே வீண் என்றும் நான் சொல்ல மாட்டேன். 2010-இல் ஏர்செல் நிறுவனம் புலிகளைக் காப்பாற்றுவோம் என்று ஓர் இயக்கம் நடத்தியது. நாட்டில் மீந்திருக்கும் புலிகள் 1411 என்ற எண்ணை ரீசார்ஜ் கடைகள் வரைக்கும் கொண்டுபோனது. என் பிள்ளைகள் அந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்வார்கள். அலைபேசி இணைப்பு விற்க வந்த விளம்பரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு காடு, உணவுச் சங்கிலி எல்லாவற்றையும் என்னால் நடத்த முடிந்தது. ஏர்செல் 2018-இல் திவாலாகி மூடப்பட்டது. 2022 கணக்கெடுப்பில் புலிகளின் எண்ணிக்கை 3682 என்று மதிப்பிட்டார்கள். காட்டில் இராப்பகலாகக் காவல் இருந்த வனத்துறை ஊழியர்களும், புலிக்காக ஊரை விட்டு வெளியேறிய குடும்பங்களும் இல்லாமல் அது நடந்திருக்காது. விளம்பரத்துக்கு அதில் பங்கு இருந்தால் அது சிறியது. சிறியது என்பதற்காக அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன்.

சட்டம் இந்தக் குழப்பத்தை ஓரளவு பிரித்துவைத்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. தலைமை ஆசிரியர்கள் சி.எஸ்.ஆர். நிதி என்று சொல்வது இதைத்தான். தன் பொருளை விளம்பரப்படுத்தும் நோக்கத்தோடு செய்கிற உதவியை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. செலவழிக்காத பணத்தைத் தானே வைத்துக்கொள்ளவும் 2021-க்குப் பிறகு முடியாது. சமூகப் பணிக்கு எவ்வளவு செலவானது என்ற கணக்கை நிறுவனம் தன் ஆண்டறிக்கையில் சொல்லியாக வேண்டும்.

அதாவது கணக்கு எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. எங்கோ ஒரு நகரத்தில் அச்சாகும் அறிக்கையின் இணைப்புப் பக்கத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது. எங்கள் சுவருக்கு வந்தது பெயர் மட்டும். இதை அறிந்தபோது எனக்கு முதல் கோபத்தைவிட ஆழமான ஒரு வருத்தம் வந்தது. நிறுவனம் யாரிடம் பணம் வாங்கியதோ அந்தப் பங்குதாரர்களுக்குக் கணக்கு போகிறது. யாருக்காகச் செலவானதோ அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு வருவதில்லை.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டரை ஒட்டி மழை. டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை கரை மீறியது. அரசூர் பக்கம் திருச்சி நெடுஞ்சாலையில் தண்ணீர் புரண்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையில் பாலத்தைத் தொட்டு வெள்ளம் ஓடியதால் ரயில்கள் நின்றன. எங்கள் பகுதியில் நெல்லும் உளுந்தும் தண்ணீருக்குள். எத்தனையோ பேர் உதவிக்கு வந்தார்கள். பெயர் சொல்லாமல் வந்து, சோற்றுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு இருட்டில் திரும்பிப் போனவர்களை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

ஒரு நிறுவனத்தின் வண்டியும் வந்தது. ஐந்து கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய், ஒரு போர்வை. பின்னால் பேனர் கட்டி, வாங்க வந்த பெண்களை ஒவ்வொருவராக நிறுத்திப் படம் எடுத்தார்கள். எங்கள் எதிர்வீட்டு அக்காவின் வீட்டுச் சுவர் முந்தின இரவுதான் இடிந்து விழுந்திருந்தது. நனைந்த புடவையோடு நின்ற அவரிடம், பை திரும்பியிருக்கிறது, பெயர் தெரியவில்லை என்று மறுபடி நிற்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்: "மூணு தடவ நிக்க வெச்சாங்க டீச்சர். மூஞ்சியத் தூக்கும்மா, மூஞ்சியத் தூக்கும்மான்னாங்க. எனக்கு அழுவ வந்துட்டுது." சற்று நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஆனா அரிசி நல்ல அரிசி டீச்சர். பொய் சொல்லக் கூடாது."

இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்துத்தான் நான் யோசிக்க முடிகிறது. அரிசி மெய். அந்த மூன்று படங்களும் மெய். அந்த அக்கா அரிசியை இலவசமாக வாங்கவில்லை. தன் முகத்தைக் கொடுத்து வாங்கினார். விலை இவ்வளவு என்று அவரிடம் யாரும் முன்னால் சொல்லவும் இல்லை. பெயர் போட்டுக்கொள்ளட்டும், பை நிறையப் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் இடிந்த வீட்டின் முன்னால் நிற்கிறவரின் முகம் கொடுப்பவருக்குச் சொந்தமில்லை. இதில் மட்டும் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. திறப்பு விழாவில் டம்ளரோடு நிறுத்தப்பட்ட என் பிள்ளைகளையும் இப்போது அப்படித்தான் நினைக்கிறேன். அன்று நான் அதைத் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும்.

பனமலைக் கோயிலை எடுப்பித்த இராஜசிம்மனோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை ஒன்று பெரிய புராணத்தில் இருக்கிறது. காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ அரசன் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறான். முந்தின இரவு கனவில் சிவன் வந்து, அந்த நாளைத் தள்ளிவை, நான் திருநின்றவூர்ப் பூசலார் கட்டிய கோயிலுக்குப் போக வேண்டும் என்கிறார். அரசன் திருநின்றவூருக்குத் தேடிப் போனால், அங்கே அப்படி ஒரு கோயிலே இல்லை. பூசலார் காசில்லாதவர். தன் மனத்துக்குள்ளேயே கல் கல்லாக அடுக்கி ஒரு கோயிலைக் கட்டி முடித்திருந்தார். அரசன் அவர் காலில் விழுந்து வணங்கித் திரும்புகிறான்.

மனத்தில் இருப்பதுதான் மெய்யான கொடை, கல்லில் இருப்பது இரண்டாம்பட்சம் என்று இதைச் சொல்வார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். இப்போது வேறொன்று கண்ணில் படுகிறது. பூசலாரின் மனத்தைப் பார்க்க அந்தக் கதைக்குக் கடவுள் தேவைப்பட்டார். நிறுவனத்தின் இயக்குநர் குழு உட்கார்ந்து முடிவெடுக்கும்போது அவர்கள் மனத்தில் இருந்தது இரக்கமா, விற்பனையா என்று எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. ஒருவேளை அவர்களுக்கே தெரியாது. ஒரே மனிதரிடம் இரண்டும் கலந்து இருக்கலாம், என்னிடம் இருப்பதைப் போலவே. பள்ளிக்கு நான் ஏதாவது வாங்கிக் கொடுத்தால் பிள்ளைகள் என் பெயரைச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் ஆசை இருக்கிறது. எனக்குத் தெரியக்கூடியது குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா என்பது. அதைக் கேட்பது என் வேலை. அந்தக் கதையில் அரசன் செய்த ஒரு காரியமும் எனக்குப் பிடிக்கிறது. அவன் கிளம்பி நேரில் போனான்.

எங்கள் பள்ளியில் ஒரு பழைய பெஞ்சு இருக்கிறது. 1950-களின் இறுதியில் காமராசர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. நிலம், கட்டடம், மேசை, தட்டு என்று ஊர்க்காரர்கள் கொடுத்தார்கள். அந்தக் காலத்துப் பெஞ்சு என்று மூத்த ஆசிரியர்கள் சொல்வார்கள். முதுகுப் பலகையில் உபயம் என்று வெட்டி ஒரு பெயர் இருக்கிறது. அந்தக் குடும்பம் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறது. பெஞ்சின் கால் ஆடினால் பிள்ளைகள் போய்ச் சொல்வார்கள், ஆசாரி வந்துவிடுவார். பேர் எழுதியிருக்கே, விட முடியுமா என்பார் அந்த வீட்டுப் பெரியவர். அந்தப் பெயரும் புகழுக்காக எழுதியதுதான். அறுபது ஆண்டுக்கு மேலாக அந்தக் குடும்பம் அந்தப் புகழுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது.

2022 டிசம்பரில் தமிழக அரசு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தைத் தொடங்கிய பிறகு, நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் அரசுப் பள்ளிகளைத் தேடி வருவது கூடியிருக்கிறது. வரட்டும். எங்களுக்குத் தேவை இருக்கிறது. ஆனால் வருகிறவர்களிடம் கேட்கத் தலைமை ஆசிரியர்களும் மேலாண்மைக் குழுவில் இருக்கிற பெற்றோர்களும் கூச்சப்படக் கூடாது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று நம்மை வளர்த்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பழமொழி பொருந்தாது. பல்லைப் பார்க்காமல் கட்டிவைத்த மாட்டுக்குப் பிறகு யார் தீனி போடுவது?

எங்கள் மிஷினைச் சரிசெய்ய இன்னொரு சிறிய நிறுவனம் முன்வந்தது. பலகையில் தங்கள் பெயர் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். தாராளமாகப் போடலாம், கூடவே நான்கு விவரம் போட வேண்டும், பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது என்று குழுவில் இருந்த அம்மாக்கள் சொன்னார்கள். வந்தவர் கொஞ்சம் யோசித்தார், மேலிடத்தில் கேட்டார், இரண்டு வாரம் கழித்துச் சரி என்றார். பழைய நீலப் பலகையைக் கழற்றிவிட்டோம்.

இப்போது அந்தச் சுவரில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. அதன் கீழே செலவிட்ட தொகை, மெம்பரேன் மாற்ற வேண்டிய மாதம், பராமரிப்பு எந்த ஆண்டு வரை, பழுதானால் கூப்பிட வேண்டிய எண், எல்லாம் தமிழில் இருக்கின்றன. முதலில் கேள்வி கேட்ட பெண் இப்போது பத்தாம் வகுப்பு. சென்ற மாதம் தண்ணீர் வரத்து குறைந்தபோது அந்த எண்ணைக் கூப்பிட்டது அவள்தான். மறுநாள் ஆள் வந்தார்.